தனியார் நீதியின் விலை: ‘டெக்ஸ்ரர்’ நான்காம் பருவ இறுதி அங்கம் குறித்து ஒரு நோக்கு

அமெரிக்கத் தொலைக்காட்சியில் குற்றத் தொடர்நாடகம் பெற்றுள்ள செல்வாக்கினைக் கொலையின் கவர்ச்சியைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. எக்கொலையைக் கண்டிப்பது, எதனை ஏற்றுக்கொள்வது என்பதை இந்நாடகங்கள் வாரந்தோறும் வகுத்துக் கொடுக்கின்றன. ஷோரைம் அலைவரிசை 2006 முதல் 2013 வரை எட்டுப் பருவங்களாக ஒளிபரப்பிய ‘டெக்ஸ்ரர்’ இதற்குத் தக்க சான்று. 2009 டிசெம்பர் 13 ஆம் திகதி ஒளிபரப்பான அதன் நான்காம் பருவ இறுதி அங்கம், தொடர் அதுவரை கட்டியெழுப்பிய நியாயத்தைத் தானே உடைத்துக் காட்டியது என்பது எமது கருத்து.

ஜெஃப் லின்ட்சேயின் 2004 ஆம் ஆண்டு நாவலிலிருந்து எழுந்த கதை இது. டெக்ஸ்ரர் மோர்கன் மியாமி காவற்றுறையில் இரத்தக்கறைகளை ஆராயும் நிபுணன். மறைவில் தொடர் கொலைஞன். சட்டத்துக்குத் தப்பிய கொலையாளிகளை மட்டுமே கொல்லவேண்டும் என்பது, காவலராயிருந்த வளர்ப்புத் தந்தை ஹரி அவனுக்கு விதித்த நெறி. பலியாளை மேசையிற் பிணித்து, குற்றங்களை எடுத்துரைத்த பின்னரே அவன் கொல்கிறான். ஊசிமூலம் மரண தண்டனை நிறைவேற்றும் புளோரிடா மாநிலத்தில் நிகழும் கதையில், இம்மேசை அரசின் மேசையை நினைவூட்டாமற் போகாது. ஆனால் இங்கே எதிர்வாதமும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. காண்போரே நடுவராய் அமர்ந்து சம்மதம் வழங்குகின்றனர்.

நான்காம் பருவத்தின் எதிராளி ஆதர் மிச்செல். ஜோன் லித்கோ நடித்த இப்பாத்திரம் ஆசிரியர், தேவாலயத்தில் மதிப்புப் பெற்றவர், வறியோருக்கு வீடு கட்டும் தொண்டர். முப்பது ஆண்டுகளாகக் கொலை புரிபவரும் மனைவி மக்களை அச்சத்தில் வைத்திருப்பவரும் அவரே. நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் கண்ணியம் எதனை மறைக்க வல்லது என்பதை இத்தொடர் வேறெங்கும் இத்துணைக் கூர்மையாகக் காட்டியதில்லை. குடும்பத்தையும் கொலையையும் ஒருங்கே நடத்தும் வித்தையை அவரிடம் கற்க விழைகிறான் டெக்ஸ்ரர். பின்னர் தன் கையாலேயே அவரைக் கொல்லவேண்டும் என்பதற்காகக் காவலரின் விசாரணையை வேறொருவன்பால் திருப்பிவிடுகிறான்.

இறுதி அங்கத்தில் காவலர் மிச்செலின் வீட்டினுட் புகும்போது காலம் கடந்துவிடுகிறது. டெக்ஸ்ரர் அவரைப் பிடித்துக் கொல்கிறான். வழமையான நாடகமாயின் திரை இங்கு விழுந்திருக்கும். வீடு திரும்பும் அவன், தேனிலவுக்கு முன்னரே புறப்பட்டுவிட்ட மனைவி றீற்றாவைத் தொலைபேசியில் அழைக்கிறான்; மணி வீட்டினுள்ளேயே ஒலிக்கிறது. குளியற்றொட்டியில் அவளது உடல். தரையில், குருதியின் நடுவே, கைக்குழந்தை ஹரிசன். சிறுவயதில் தன் தாயின் குருதியில் அமர்ந்திருந்தவனே டெக்ஸ்ரர்.

இதனை ஊழ்வினை எனக் கொள்வது எளிது. நாம் அவ்வாறு கொள்ளோம். மிச்செல் சட்டத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டிருப்பின் றீற்றா இறந்திராள். அவளைக் கொன்றவர் மிச்செல்; அதற்கான அவகாசத்தை அளித்தது தனியார் நீதி. எனினும், நாயகனின் பாடத்துக்கான விலையைப் பெண்ணின் உடலே செலுத்துவதும், அவளது அகவுலகம் தொடரிற் சிறிதளவே தீட்டப்பட்டிருந்ததும் கண்டிக்கத்தக்கவை.

அவ்வுண்மை நெடுநாள் நிலைக்கவில்லை. சந்தாப் பணத்தில் வாழும் அலைவரிசைக்கு, அடுத்த ஆண்டும் சந்தாவைத் தக்கவைக்க நாயகன் வேண்டும். ஐந்தாம் பருவத்தில், வன்கொடுமைக்குள்ளான லூமன் என்னும் பெண்ணின் பழிவாங்கலுக்குத் துணையாக அவன் மீண்டும் கத்தியை எடுக்கிறான். காண்போரின் சம்மதமும் புதுப்பிக்கப்படுகிறது. 2021 இல் தொடங்கிய மறுதொடர், 2022 ஜனவரியில் முடிவுற்றபோது, இளைஞனாகிவிட்ட ஹரிசனே தந்தையைச் சுட்டு வீழ்த்தினான். குருதியிலிருந்து தூக்கியெடுக்கப்பட்ட அக்குழந்தையின் தீர்ப்பு அது. 2025 இல் வெளிவந்த அடுத்த தொடரில் டெக்ஸ்ரர் உயிர் பிழைத்துவிட்டான். அத்தொடருக்கு இட்ட பெயரும் ‘உயிர்த்தெழுதல்’ என்பதே.