கடல் இல்லாத சேலத்தில் கடல் மீன் தொட்டி: ஸ்கிம்மர் வாங்கும் முன் என்ன கவனிக்கணும்?

சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து கடலைப் பார்க்க சுமார் 200 கி.மீ. போகணும். அதனால் இங்கே வீட்டில் க்ளவுன் மீன் வளர்க்க நினைப்பவர்கள் கடல்நீரையும் வீட்டிலேயேதான் தயாரிக்க வேண்டும். 100 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு மட்டும் சுமார் மூன்றரை கிலோ கடல் உப்புக் கலவை தேவை. அந்தத் தண்ணீர் சீக்கிரம் கெட்டால் காசும் போச்சு, மீனும் போச்சு. அதைத் தள்ளிப்போடும் கருவிதான் புரோட்டீன் ஸ்கிம்மர்.

எப்படி வேலை செய்கிறது?

நாமக்கல் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரை பொங்கி நிற்கும். காற்றுக் குமிழிகளைப் புரதம் சுற்றிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஸ்கிம்மரிலும் இதே கதைதான். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் கரைந்த புரதம் நுண்குமிழிகளில் ஒட்டி மேலேறி, கப்பில் பழுப்பு நீராகச் சேரும். அது அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே வெளியே வந்துவிடும்.

எந்த சைஸ்?

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் குறைந்த மீன்கள் உள்ள தொட்டிக்கானது. 200 லிட்டர் தொட்டி என்றால் 300 லிட்டர் வரை தாங்கும் மாடல் போதும். மிகப் பெரியதை வாங்கினால் கழிவு போதாமல் நுரை நிலையாக நிற்காது. கப்பைக் கழற்றித் தூக்க ஸ்டாண்டுக்குள் இடம் இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

எங்கே வைப்பது?

பலரும் சறுக்குவது இங்கேதான். கோடையில் தொட்டி நீர் வேகமாக ஆவியாகும். சம்ப்பில் நீர்மட்டம் இறங்கினால் நுரை கப்பை எட்டாது. ஏறினால் கப் நிரம்பி வழியும். தடுப்புக் கண்ணாடியால் மட்டம் மாறாமல் இருக்கும் அறையில் ஸ்கிம்மரை வையுங்கள். ஏற்ற இறக்கம் ரிட்டர்ன் பம்ப் அறையோடு நிற்கட்டும். ஆவியான அளவுக்கு உப்பு சேர்க்காத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றணும், உப்பு ஆவியாவதில்லை.

பைப் வேலையில் என்ன கவனம்?

வழக்கமான பிளம்பரை அழைத்தால் பித்தளை வால்வு போடக்கூடும். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதிலிருந்து கரையும் செம்பு இறால், பவளம் போன்றவற்றைக் கொன்றுவிடும். பிளாஸ்டிக் வால்வுகளே சரி. பம்ப்புக்கு மேலே ஒரு யூனியன் வைத்தால் சுத்தம் செய்யக் கழற்றுவது சுலபம்.

கரன்ட் போனால்?

பம்ப் நின்றதும் மேல்தொட்டி நீரின் ஒரு பகுதி கீழே சம்ப்புக்கு இறங்கும். அதற்கு இடம் இல்லையென்றால் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர்தான். ரிட்டர்ன் பைப்பின் வாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் இருக்கட்டும். செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம். நிறுவிய அன்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். ஸ்கிம்மர் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருப்பது நல்லது.

வாங்கிட்டா போதுமா?

போதாது. உருவாகிவிட்ட நைட்ரேட்டை ஸ்கிம்மர் நீக்காது. தண்ணீர் மாற்றுவது தொடரணும். புதுக் கருவி செட்டாக ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அதுவரை தினமும் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். கப்பின் கழுத்தில் படியும் பிசுக்கை வாரம் ஒருமுறை கழுவினாலே பாதி வேலை முடிந்தது.