சீப்பும் தேனீயும்

உலர்ந்த தலையை வாரிய சீப்பு, காகிதத் துணுக்குகளைத் தாவி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போதெல்லாம் எனக்குத் தேனீயின் நினைவு வரும். பறக்கும் தேனீயின் உடலில் நேர் மின்னேற்றம் சேர்கிறது. அது பூவை நெருங்கும்போது, தொடுமுன்பே மகரந்தத் துகள்கள் அதன் ரோமங்களுக்குத் தாவக்கூடும்! பம்பிள் எனப்படும் பருத்த தேனீக்கள் பூவின் மின்புலத்தை உணர்கின்றன என்பதைப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினர்.

மகரந்தம் என்றதும் தும்மல் நினைவுக்கு வருகிறதா? தேனீ சுமக்கும் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றில் அதிகம் மிதக்காது. மூக்கையும் மூச்சையும் படுத்துவது பெரும்பாலும் புல், சவுக்கு போன்றவற்றின் இலேசான தூள்தான்.

தேனீப் புழுக்களுக்குப் புரதம் தருவது மகரந்தமே. பூத்த வயலில் பூச்சிக்கொல்லி தெளித்தால் நஞ்சும் அதனுடன் கூட்டுக்குள் போய்ச்சேரும். இத்தகைய நஞ்சுகள் மூன்றைத் திறந்த வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது.