இருபது கிலோ தூக்காத மோட்டார்



எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. ப்ராஜெக்டுக்கு ரோபோ கை செய்வது என்று எங்கள் பேட்ச் ஐந்து பேரும் முடிவு செய்தபோது, என் பங்குப் பணத்தை அப்பா எண்ணிக் கொடுத்தார். அது அவருடைய ஒரு வாரக் கூலி. அந்தப் பணம் புகையாகப் போன கதையோடு ஆரம்பிக்கிறேன்.

கடையில் "20 கிலோ சர்வோ மோட்டார்" என்றார்கள். அரை கிலோ பொருளைத் தூக்க இது தாராளம் என்று வாங்கிவிட்டோம். தோள் மூட்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டால், கை பாதிகூட எழவில்லை. மோட்டார் முனகியது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. அவ்வளவுதான்!

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கையை நீட்டிக்கிட்டுத் தூக்க வெச்சியாடா? நாங்க மூட்டையை முதுகோட ஒட்டித்தான் தூக்குவோம். நீட்டின கையில பத்து கிலோகூட நிக்காது" என்றார். இரண்டு வருஷமாக மெக்கானிக்ஸ் படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

20 கிலோ என்றால் 20 கிலோ-சென்டிமீட்டர். அதாவது அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில்தான் 20 கிலோ. எங்கள் கையின் நீளம் 40 செ.மீ. அதன் நுனியில் அரை கிலோ என்றால் 0.5 × 40 = 20. கையின் சொந்த எடை 300 கிராம். அது நடுவில், 20 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொண்டால் 0.3 × 20 = 6. மொத்தம் 26. கை படுக்கையாக நீண்டிருக்கும்போது தேவைப்படும் டார்க் இது. மோட்டார் தந்ததோ 20. அதுவும் 'ஸ்டால் டார்க்'. சுற்ற முடியாமல் நின்றுபோகும் நிலையில் வரும் அளவு. அந்த நிலையில் கரண்ட் ஏகத்துக்கு ஏறும், காயில் கருகும்.

ஆகவே மோட்டாரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சுமையிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள். சட்டென்று கிளம்பவும் நிற்கவும் கூடுதல் பலம் வேண்டும் என்பதால் 26-ஐ இரட்டிப்பாக்கி 52 என்று வைத்துக்கொள்வோம். மூட்டு நிமிஷத்துக்கு 30 சுற்றுக்கு மேல் வேண்டாம். மோட்டாரோ 3000 சுற்று சுற்றும். எனவே 100-க்கு 1 குறைக்கும் கியர் பெட்டி, அதாவது ரெட்யூசர், தேவை. உராய்வில் கால்வாசி போனாலும் டார்க் 75 மடங்காகும். 52-ஐ 75-ஆல் வகுத்தால் மோட்டார் சுமார் 0.7 கிலோ-செ.மீ. கொடுத்தால் போதும். ஏறக்குறைய 22 வாட். சின்ன மோட்டார்தான்!

சரி, எந்த ரெட்யூசர்?

பிளானட்டரி கியர்: நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று நான்கு சக்கரங்கள். விலை குறைவு, சக்தி விரயமும் குறைவு. ஆனால் பற்களுக்கிடையே ஆட்டம், அதாவது பேக்லாஷ் உண்டு. ஒரு டிகிரி ஆட்டம் இருந்தாலே 40 செ.மீ. நுனியில் 7 மி.மீ. ஆடும்.

ஹார்மோனிக் டிரைவ்: அமெரிக்கரான சி. வால்டன் மஸ்ஸர் 1959-ல் காப்புரிமை பெற்றது. வளையும் மெல்லிய எஃகுக் கிண்ணத்தின் வெளியே 200 பற்கள், அதைச் சூழ்ந்த வளையத்தின் உள்ளே 202 பற்கள் என்று வையுங்கள். முட்டை வடிவக் கட்டை உள்ளே ஒரு சுற்று சுற்றினால் கிண்ணம் இரண்டே பல் பின்வாங்கும். 100-க்கு 1! எடை குறைவு, ஆட்டம் அநேகமாக இல்லை. 1971-ல் அப்போலோ 15 நிலவில் ஓட்டிய வண்டியின் சக்கரங்களில் 80-க்கு 1 குறைக்கும் இதே வகைதான் இருந்தது. ஆனால் விலை அதிகம், பலமான இடி தாங்காது. ரோபோவின் மணிக்கட்டுக்கு ஏற்றது.

ஆர்.வி. ரெட்யூசர்: பிளானட்டரியும் சைக்ளாய்டு தட்டும் சேர்ந்தது. கனமானது, ஆனால் அதிர்ச்சியைத் தாங்கும். பெரிய தொழிற்சாலை ரோபோக்களின் இடுப்பு, தோள் மூட்டுகளில் இதைப் போடுகிறார்கள்.

மோட்டார், ரெட்யூசர், என்கோடர், பிரேக், டிரைவர் கார்டு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்தால் அதுதான் ஜாயின்ட் மாட்யூல். வாங்கும்போது பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் கை தொப்பென்று விழக் கூடாது. கீழே யாராவது நிற்கலாம். இன்னொன்று, முழங்கையில் மாட்டும் மாட்யூலின் எடையைத் தோள்தான் சுமக்கும். அதனால் நுனி மூட்டில் தொடங்கித் தோள் வரை வரிசையாகக் கணக்குப் போட வேண்டும்.

மறுபடி அப்பாவிடம் காசு கேட்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லேத் பட்டறைக்குப் போனேன். நண்பர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். இந்த முறை முதலில் நோட்டில் கணக்கு, பிறகுதான் கடை. பிளானட்டரி கியர் மோட்டாரே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நுனியில் கொஞ்சம் ஆட்டம் உண்டு, ஆனால் அரை கிலோவைத் தூக்கி நிற்கிறது.

ஜூனியர் தம்பி தங்கைகளே! பெருக்கல் தெரிந்தால் போதும், இந்தக் கணக்கு பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம் உங்கள் வீட்டில் ஒருவருடைய ஒரு வாரக் கூலியைக் காப்பாற்றும்.

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை