சடை நாய்க்குச் சிக்கு எடுப்பது எப்படி?

பொமரேனியன் மாதிரி அடர்ந்த ரோமமுள்ள நாய்க்குக் காதின் பின்புறம், முன்கால் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில்தான் முதலில் சிக்குப் பிடிக்கும். கவனிக்காவிட்டால் கம்பளி மாதிரி திரண்டு தோலை இழுக்கும். உள்ளே ஈரம் தங்கிப் புண் வந்துவிடும். உண்ணி இருந்தாலும் தெரியாது.

சிக்கோடு குளிப்பாட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் முடிச்சு இன்னும் இறுகும். எங்கள் வீட்டு மணிக்கு நான் முதலில் கொஞ்சம் சோளமாவு தூவி, விரலாலேயே பிரித்துவிடுவேன். பிறகு, பெண் குழந்தைக்குத் தலை வாருவது போலத்தான்: முடியின் அடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பல் அகன்ற எஃகுச் சீப்பால் நுனியிலிருந்து மெள்ள வாருவேன். அப்போது தோல் இழுபடாது. கடைசியில் மெல்லிய கம்பிகள் உள்ள பிரஷ்ஷால் ஒரு தடவை.

"கத்திரிக்கோலால் வெட்டிட்டா என்ன?" என்பார்கள். வேண்டவே வேண்டாம்! சிக்கோடு தோலும் எழும்பி நிற்கும். முடியென்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். தோலோடு ஒட்டிப்போன சடையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மெஷினால் எடுப்பதுதான் நல்லது.

வாரம் 3 நாள், 10 நிமிடம் சீவினால் சடையே விழாது. சீவும்போது நடுநடுவே ஏதாவது தின்னக் கொடுங்கள். சீப்பைக் கண்டதும் ஓடாமல், தானே வந்து மடியில் உட்காரும்!