இ-செலான்: கட்டுவதா, வழக்காடுவதா?

வாகன உரிமையாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்து சேரும் இ-செலான், பெரும்பாலோர் கருதுவதுபோல், தண்டனை விதிக்கும் ஆணை அன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஏதோ ஒரு பிரிவு மீறப்பட்டிருப்பதாகக் காவல்துறையோ போக்குவரத்துத் துறையோ சுமத்தும் குற்றச்சாட்டும், இன்ன தொகையைக் கட்டினால் வழக்கு அத்தோடு முடித்துக்கொள்ளப்படும் என்னும் முன்மொழிவும் சேர்ந்ததே அந்தச் சீட்டு. ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் அதிகாரம் சாலையோரத்தில் நிற்கும் அலுவலருக்கு இல்லை. அது குற்றவியல் நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, மட்டுமே உரியது. இது தெரியாததால், தவறே செய்யாதவர் தொல்லை விட்டால் போதும் என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்; தவறு செய்தவரோ கண்டுகொள்ளாமல் விட்டால் செலான் தானே மறைந்துவிடும் என்று நம்பியிருக்கிறார்.

நூறு ரூபாயோடு முடிந்த காலத்தில் இந்த அறியாமையால் பெரிய இழப்பு நேரவில்லை. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியது. உரிமம் இல்லாமல் ஓட்டுவதற்கு 500 ரூபாயாக இருந்த அபராதம் 5,000 ஆனது. ஹெல்மெட் அணியாமைக்கும் சீட் பெல்ட் போடாமைக்கும் 1,000 ரூபாய் என்று தனிப் பிரிவுகள் எழுதப்பட்டன. ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திக்கு வழிவிடாமை 10,000 ரூபாய் வரை தண்டிக்கத்தக்க குற்றமாயிற்று. தமிழ்நாடு அரசு உடனே இத்தொகைகளுக்கு மாறாமல், 2022 அக்டோபரில் வெளியிட்ட அரசாணையின் வழியாகவே புதிய கட்டணங்களை நடைமுறைப்படுத்தியது. 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததையும், விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவோடு தமிழ்நாடே முதலிடத்தில் இருந்ததையும் மத்திய அரசின் அறிக்கை பதிவு செய்திருக்கையில், தொகை உயர்ந்ததில் குறை காண்பதற்கு அதிக இடமில்லை. ஆனால் தொகை உயரும்போது குற்றச்சாட்டை ஐயமற மெய்ப்பிக்கும் கடமையும் கூடவே உயர்ந்தாக வேண்டும். அந்தப் பக்கம்தான் இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

சட்டம் இரண்டு வகைத் தொகைகளைப் பேசுகிறது. ஒன்று, நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தபின் விதிக்கும் அபராதம். மற்றொன்று, 200-ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுப்பதற்கு முன்போ பின்போ, மாநில அரசு அறிவித்த தொகையை அறிவிக்கப்பட்ட அலுவலரிடம் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ளும் இணக்கக் கட்டணம். இணக்கக் கட்டணம் செலுத்தப்பட்டதும் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு நடவடிக்கை எதுவும் எடுக்கலாகாது என்று அதே பிரிவு சொல்வதால், செலுத்தியவர்மீது குற்றத்தீர்ப்பு எதுவும் பதிவாவதில்லை. அதற்கு ஈடாக, மறுத்து வாதிடும் வாய்ப்பை அவர் விட்டுக்கொடுத்துவிடுகிறார். இத்தொகையை நிர்ணயிப்பது மாநில அரசு என்பதால்தான் ஒரே குற்றத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு தொகை கேட்கப்படுகிறது. 2019-இல் குஜராத் அரசு ஹெல்மெட்டுக்கான தொகையை 500 ரூபாயாகக் குறைத்தது இதற்கு எடுத்துக்காட்டு. சட்டம் வகுத்த அளவுக்குக் கீழே மாநிலங்கள் இறங்கலாகாது என்பது மத்திய அரசின் நிலைப்பாடாக இருந்தது.

எல்லாக் குற்றங்களையும் இவ்வாறு முடித்துக்கொள்ள இயலாது. மது அருந்திவிட்டு ஓட்டும் குற்றத்தைக் கூறும் 185-ஆம் பிரிவு இணக்கப் பட்டியலிலேயே இல்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது சோதனையில் தெரியவந்தால், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதை விதிப்பது நீதிமன்றம்தான். இக்குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202-ஆம் பிரிவு கட்டளையிடுவதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆபத்தாக ஓட்டுவதைக் கூறும் 184-ஆம் பிரிவில் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டும் குற்றத்துக்கு மட்டுமே இணக்கம் உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் எதிர்த்திசையில் ஓட்டுவதும் அதே 184-இன் விளக்கத்தில் இடம்பெற்றிருந்தாலும், சாலைக் குறிகளுக்குக் கீழ்ப்படியாமை என்ற பெயரில் 119-ஆம் பிரிவோடு பொதுத் தண்டனைப் பிரிவான 177-ஐச் சேர்த்தும் அவற்றைப் பதிவு செய்ய இயலும். முன்னதில் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு; பின்னதில் முதல் முறைக்கு 500 ரூபாயோடு தீர்ந்துவிடும். ஆகவே செலான் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அன்று, பிரிவு எண்ணை.

அதற்கும் முன்னால், செலான் உண்மையானதா என்பதை உறுதி செய்துகொள்வது இக்காலத்தில் தவிர்க்க முடியாததாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் செலான் என்ற பெயரில் ஏபிகே கோப்பை அனுப்பி, அதை நிறுவியவரின் வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி பரவலாக நடக்கிறது. வந்த இணைப்பைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாஹன் தளத்துக்கு நேராகச் சென்று வாகன எண்ணைக் கொடுத்துப் பார்த்தால், நிலுவையிலுள்ள செலான்களும் அவற்றின் பிரிவுகளும், கேமரா வழக்கானால் படங்களும் தெரிந்துவிடும்.

செலானைக் கட்டாமல் விட்டால் அது நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது. முன்பு இதற்காகப் பெருநகரங்களில் நடமாடும் நீதிமன்றங்கள் இயங்கின. 2019 முதல் பல மாநிலங்களில் மெய்நிகர் நீதிமன்றம் இப்பணியைச் செய்கிறது. அங்கே நீதிபதி ஆவணங்களைத் திரையில் பார்த்து ஒரு தொகையை முன்மொழிய, வாகன உரிமையாளர் அதை இணையத்திலேயே கட்டிவிடலாம், அல்லது வழக்காட விரும்புவதாகத் தெரிவிக்கலாம். வழக்காட விரும்பினால் கோப்பு அப்பகுதிக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, அழைப்பாணை என்னும் சம்மன் வரும். வழக்கறிஞரை வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. சிறு குற்றங்களுக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எழுதிப் பதிவு அஞ்சலில் தொகையோடு அனுப்பிவிடும் வசதியை 208-ஆம் பிரிவு மெய்நிகர் நீதிமன்றங்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அளித்திருந்தது. ஆனால் ஒப்புதலுக்கு ஒரு விலை உண்டு: குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பின்னர் பொதுவாக மேல்முறையீடு செய்ய இயலாது, தண்டனையின் அளவையோ சட்டப்பொருத்தத்தையோ மட்டுமே கேள்விக்குள்ளாக்கலாம்.

வழக்காடுவது என்றால் இரக்கத்தை வேண்டுவது என்று பொருளன்று. அவசரமாகப் போனேன், சிறிது தூரம்தான் போனேன், எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பவை தொகையைச் சற்றுக் குறைக்கக்கூடுமே தவிர, குற்றச்சாட்டை வீழ்த்தா. வீழ்த்தக்கூடியவை ஆதாரம், ஆள் அடையாளம், காலக்கெடு ஆகியவை பற்றிய கேள்விகளே. அதிவேக வழக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். வேகமாகச் சென்றதாக ஒரே ஒரு சாட்சி தன் கணிப்பைச் சொல்வதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கலாகாது, இயந்திரத்தாலோ மின்னணுக் கருவியாலோ அளந்த அளவு அக்கணிப்புக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்று 183-ஆம் பிரிவே கூறுகிறது. அதிவேகத்துக்கும் ஆபத்தாக ஓட்டியதற்கும், குற்றம் நடந்த அப்போதே வழக்கு வரக்கூடும் என எச்சரித்திருக்க வேண்டும். இல்லையேல் 14 நாளுக்குள் ஓட்டியவருக்கோ பதிவு பெற்ற உரிமையாளருக்கோ இடமும் நேரமும் குறித்த அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் இல்லையேல் 28 நாளுக்குள் சம்மன் சார்வு செய்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்றும் நடக்காவிடில் தண்டிக்கலாகாது என்பது 209-ஆம் பிரிவு. முகவரியைக் கண்டறிய இயலாமற் போனதோ, குற்றஞ்சாட்டப்பட்டவரே தாமதத்துக்குக் காரணமானதோ மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஆகவே புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தபின் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் முகவரியை மாற்றாதவர், அறிவிப்பு தமக்கு வந்து சேரவில்லை என்று வாதிடுவதற்கு நல்ல நிலையில் இல்லை.

கேமராவின் வழியாகப் பதிவாகும் வழக்குகளுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்னும் விதி சேர்க்கப்பட்டது. மாநில அரசு நியமித்த அதிகார அமைப்பு கருவிக்கு ஒப்புதல் சான்று வழங்கியிருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், கேமரா இருப்பதைக் காட்டும் எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும், செலானில் மீறலையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படமும், கருவி அளந்த அளவும், மின்னணு ஆவணத்துக்குரிய சான்றிதழும் இணைந்திருக்க வேண்டும் என்று அது வகுத்தது. அச்சான்றிதழ் பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. படத்தில் தெரியும் வண்டியின் நிறமோ மாடலோ தம்முடையதாக இல்லாமலிருந்தால், தம் எண்ணை வேறொருவர் போலியாகப் பொருத்தியிருக்கக்கூடும். அந்நிலையில் தம் வாகனத்தின் படத்தையும் அன்று அது வேறிடத்தில் இருந்ததற்கான சான்றையும் இணைத்துக் காவல்துறையிடம் எழுத்தில் முறையிடுவது வழக்குக்கும் உதவும், பின்னர் வரக்கூடிய பெரிய தொல்லைகளையும் தடுக்கும்.

காலக்கெடுவில் இன்னொன்றும் உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதமும், ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றத்துக்கு ஓராண்டும் கடந்தபின் நீதிமன்றம் வழக்கை ஏற்கலாகாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவு கூறுகிறது. கணக்கிட வேண்டியது செலான் கைக்கு வந்த நாளை வைத்தன்று, நீதிமன்றத்தில் புகார் தாக்கலான நாளை வைத்து. தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கவும் கூடும் என்பதால், ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவது அறிவுடைமை ஆகாது. நிலுவைச் செலான்கள் வாகனப் பதிவு தொடர்பான பணிகளைத் தடுக்கவும் கூடும்.

ஆவணம் கையில் இல்லாததற்காகப் போடப்படும் செலான்கள் எளிதில் தீர்பவை. 2018-இல் திருத்தப்பட்ட 139-ஆம் விதியின்படி டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ உள்ள உரிமமும் ஆர்.சி.யும் காப்பீடும் அசலுக்கு நிகரானவை.

ஓட்டியவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர் என்னும் நிலையில்தான் குடும்பங்களுக்குள்ளும் சிறு நிறுவனங்களுக்குள்ளும் குழப்பம் மிகுகிறது. ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் கேட்டால் தெரிவிக்கும் கடமையை 133-ஆம் பிரிவு உரிமையாளர்மீது சுமத்துகிறது. தெரிவிக்க மறுப்பது 187-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்தும் பெற்றோருக்கு 199-ஏ பிரிவு மிகக் கடுமையானது: பிள்ளை குற்றமிழைத்தால் பெற்றோரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்பட்டு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெறக்கூடும், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை பழகுநர் உரிமமும் கிடைக்காது. தமக்குத் தெரியாமல் வண்டி எடுக்கப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமை பெற்றோரைச் சேர்ந்தது. விற்றுவிட்ட வண்டிக்குச் செலான் வருவது இன்னொரு வகை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் வண்டியைக் கொடுத்துவிடும் பழக்கத்தால் இது நேர்கிறது. பதிவேட்டில் பெயர் இருப்பவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில், விபத்து இழப்பீட்டைப் பற்றிய தீர்ப்பில், உறுதிப்படுத்தியது. மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு உரிமத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு 2014-இல் அமையக் காரணமாயிற்று. அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், மது, ஓட்டும்போது கைப்பேசி ஆகியவற்றுக்கு உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு 2015-இல் மாநிலங்களைப் பணித்தது அக்குழுவே. 2019 திருத்தம் இதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது: குறிப்பிட்ட சில குற்றங்களுக்குக் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி, தற்காலிக ஒப்புகைச் சீட்டைக் கொடுத்து, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 206-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. ஹெல்மெட் அணியாமையும் ஒரு பைக்கில் மூவர் செல்வதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பதும், இணக்கக் கட்டணம் கட்டிவிட்டதால் மட்டும் இந்நடவடிக்கையிலிருந்து விடுபட முடியாது என்பதும் பலருக்கு வியப்பளிக்கும். காவலர் உரிமத்தை அனுப்பத்தான் முடியும், தகுதியிழப்புச் செய்ய முடியாது. அந்த முடிவை எடுப்பவர் உரிமம் வழங்கும் அதிகாரி. அவரும் உரிமம் பெற்றவரின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே ஆணையிட வேண்டும் என்பது 19-ஆம் பிரிவின் நிபந்தனை. விளக்கம் கேட்கும் அறிவிப்புக்கு எழுத்தில் பதில் தருவதும், பாதகமான ஆணை வந்தால் அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்வதும் தினமும் வண்டியோட்டிப் பிழைப்பவருக்கு, ஆயிரம் ரூபாய்ச் செலானை எதிர்த்து நிற்பதைக் காட்டிலும் பயனுடையவை. தகுதியிழந்த காலத்தில் ஓட்டினால் 182-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ காத்திருக்கின்றன. அதே காலத்தில் விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டை வாகன உரிமையாளரிடமிருந்தே திரும்ப வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கக்கூடும், அந்தத் தொகை பல லட்சங்களில் இருக்கும்.