அறுத்த குழாயை மீண்டும் இணைத்தல்



சென்ற மாரிகாலத்து மாலையொன்றில் என் பழைய மாணாக்கர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். நாற்பதைக் கடந்த கமக்காரர். இரு பிள்ளைகள் பிறந்தபின், ஆண்களுக்குரிய கருத்தடைச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டவர். பின்னர் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்து, சில ஆண்டுகள் கழித்து மறுமணம் புரிந்தார். புதிய மனைவிக்கோ தன் வயிற்றில் ஒரு பிள்ளையேனும் பிறக்க வேண்டுமென்னும் ஆவல். “சேர், அறுத்ததை மறுபடியும் பொருத்தலாமாம், மெய்தானா?” என்று கேட்டு, வைத்தியர் கொடுத்த ஆங்கிலத் தாள் ஒன்றை என் முன்னே வைத்தார். நான் கலைப் பட்டதாரி, மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும் தாளை வாசித்துப் பொருள் சொல்லவும், விளங்காத இடங்களை அறிந்தோரிடம் கேட்டுத் தெளியவும் இயன்றது. அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

விதைகளில் உண்டாகும் விந்தணுக்கள் இரு மெல்லிய குழாய்களின் வழியே மேலேறி வருகின்றன. கருத்தடைச் சிகிச்சையில் அக்குழாய்கள் வெட்டப்பட்டு, முனைகள் அடைக்கப்படுகின்றன; அவ்வளவே. ஆண்மைக்குரிய சுரப்பு இரத்தத்தோடு கலந்து செல்வதாதலால், குரலோ உடல் வலிமையோ அதனாற் குன்றுவதில்லை. ஆகவே ‘இழந்த ஆண்மையை’ மீட்பதற்கென இச்சிகிச்சையை நாடுவோர் இல்லாத நோய்க்கு மருந்து தேடுகின்றனர். விந்தணுக்களும் வழமைபோல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. வெளியேற வழியின்மையால் உடல் அவற்றைத் தன்னுள்ளே உறிஞ்சிக்கொள்கின்றது.

அப்படியாயின் வழியைத் திறந்துவிட்டாற் போதுமே என்று தோன்றும். ஆனால் அக்குழாயின் உட்துவாரம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அகலமே உடையது. அதனை வெறுங்கண்ணாற் பார்த்துத் தைப்பது எத்துணை அரிதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1977 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சேர்மன் சில்பரும் அவுஸ்திரேலிய வைத்தியர் ஏர்ள் ஓவெனும், தனித்தனியே, நுணுக்குக்காட்டியின் துணையோடு இதனைச் செய்யும் முறையை வெளியிட்டனர். தலைமயிரினும் மெல்லிய நைலோன் நூலால், உட்படையும் வெளிப்படையும் வெவ்வேறாகத் தைக்கப்படுகின்றன. இரு பக்கமும் செய்து முடிக்க இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் வரை செல்லும்.

முக்கியமான தீர்மானமொன்று சத்திரசிகிச்சை மேசையிலேதான் எடுக்கப்படுகின்றது. விதைப்பக்கத்து முனையை வெட்டியதும் கசியும் திரவத்தை வைத்தியர் அங்கேயே சோதிக்கின்றார். விந்தணு காணப்பட்டால் முனையோடு முனை இணைக்கலாம். திரவம் களிபோற் தடித்து, அணுவே இல்லாதிருந்தால், அதற்கும் கீழே அடைப்பு ஏற்பட்டுள்ளது என்பது பொருள். விதையின்மேற் சுருண்டு கிடக்கும், விரித்தால் ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள, அந்நுண்குழாயோடு நேரே இணைக்க வேண்டும். அது முன்னையதினும் மிகக் கடினமான வேலை. ஆகவே, “இரு முறையும் தங்களுக்குக் கைவருமா?” என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்பது மரியாதைக் குறைவன்று.

இனி, பலன். குழாய் திறப்பது வேறு. பிள்ளை பிறப்பது வேறு. நண்பரிடம் இதனைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1,469 ஆடவரை ஆராய்ந்து 1991 இல் வெளியிடப்பட்ட அறிக்கையின்படி, கருத்தடை செய்து மூன்றாண்டு நிறையுமுன் இணைத்துக்கொண்டோரில் நூற்றுக்கு 97 பேருக்கு விந்தணு மீண்டும் தோன்றியது. 76 பேரின் மனைவியர் கருவுற்றனர். மூன்று முதல் எட்டாண்டு கடந்தோரில் இவை 88, 53 எனக் குறைந்தன. ஒன்பது முதல் பதினான்கு ஆண்டாயின் 79, 44. பதினைந்தும் அதற்கு மேலுமாயின் 71, 30. நம் கமக்காரருக்குப் பதினோராண்டு கழிந்துவிட்டது. “நூற்றுக்கு நாற்பத்து நாலா, சேர்?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். கைதேர்ந்தோர் செய்தபோது கிடைத்த கணக்கே அது என்பதையும் நான் மறைக்கவில்லை. நீண்டகால அடைப்பினால், தன் விந்தணுவையே பகையெனக் கொள்ளும் எதிர்ப்புப் பொருளைச் சிலருடைய உடல் உண்டாக்கிவிடும். அதுவும் கருவுறுதலைத் தடுக்கக்கூடும்.

மனைவியின் வயதும் இதிற் சேரும். முப்பத்தைந்தைக் கடந்த பெண்ணுக்குக் காத்திருக்கும் காலமே இழப்பாகலாம். ஆதலால் கணவன் கத்திக்கு உட்படுமுன் மனைவியைப் பரிசோதிப்பதே முறை. நம்மூரில் இதனைச் சொன்னால் மாமியார்மார் வேறுவிதமாகப் பொருள் கொள்வர்! வேறொரு வழியும் உண்டு: விதையிலிருந்தே விந்தணுவை எடுத்து, ஒற்றை அணுவை முட்டையினுட் செலுத்திக் கருவாக்கி, கருப்பையில் வைப்பது. செலவு மிக்கது, மனைவிக்கும் ஊசியும் சிரமமும் உண்டு. எனினும் வயது முதிர்ந்த மனைவிக்கு அதுவே ஏற்றதென வைத்தியர் சொல்லக்கூடும்.

சிகிச்சைக்குப் பின் பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர். சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். இரத்தக் கசிவும் புண்ணில் கிருமித் தொற்றும் சிலருக்கு நேரலாம். இறுக்கமான உள்ளாடை அணிய வேண்டும். சில வாரங்களுக்குப் பாரம் தூக்குதலும் தாம்பத்திய உறவும் ஆகா. மண்வெட்டி பிடிப்பவர்க்கு இவ்விதி கடினமே. விந்தணு தோன்றச் சில மாதங்கள் செல்லும். கடினமான முறையிற் செய்தோர்க்கு ஓராண்டும் ஆகலாம். திறந்த குழாய் தழும்பினால் மீண்டும் அடைபடுவதும் உண்டாகையாற் சோதனையை இடைக்கிடை செய்வர்.

நண்பர் மனைவியோடு கலந்து பேசி, சிகிச்சை செய்துகொண்டார். இது நான்காம் மாதம். வழியிற் சந்திக்கும்போது நான் வயலைப் பற்றி விசாரிக்கின்றேன். அவர் மழையைப் பற்றிச் சொல்கின்றார். அடுத்த சோதனை வருகின்ற மாதம்.