பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கும் அடுப்பு

அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வாங்கிய பழைய வீட்டோடு 1960-களின் மின்னடுப்பும் வந்திருக்கிறது. நடுவில் வட்டப் பொத்தான் உள்ள பர்னரில் மட்டும், எந்த டிகிரியில் வைத்தாலும் பால் அடிப்பிடிக்கிறதாம். மாற்று சென்சார் கிடைக்குமா என்று கேட்கிறார்.

குமிழில் வைத்த டிகிரியைத் தானே காக்கும் இத்தகைய பர்னரை அக்காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் 'சென்சி-டெம்ப்' என்றும், ஃப்ரிஜிடேர் 'ஹீட்-மைண்டர்' என்றும் விற்றன. ஸ்பிரிங்கில் நிற்கும் பொத்தான் பாத்திரத்தின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். காயிலின் சூடு தாக்காமல் சுற்றிலும் தகட்டு அரண். நம் ரைஸ் குக்கரின் நடுப்பொத்தானுக்கு இது உறவு.

என்னைக் கவர்ந்தது உள்ளே இருக்கும் குழாய். சிறுவயதில் காய்ச்சல் வந்தால் அம்மா என் அக்குளில் வெப்பமானியை வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதரசம் மெல்ல ஏறும். இங்கேயும் அதே கதைதான். பொத்தானுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, நூல்போன்ற குழாய் வழியே குமிழுக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டை உப்ப வைக்கும். தகடு உப்பினால் மின்தொடர்பு விலகும். ஆறினால் மறுபடி சேரும். குமிழைத் திருகும்போது நாம் மாற்றுவது அந்த இடைவெளியைத்தான். திரவம் கசிந்துவிட்டால் தகடு உப்பாது, பர்னரும் அணையாது. வாசகியின் பால் தீய்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பொத்தான், குழாய், சுவிட்ச் மூன்றும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக அடைக்கப்பட்டவை. பொத்தானை மட்டும் மாற்ற முடியாது. குழாய்க்குப் பதில் 12 வோல்ட் மின்சுற்றில் இயங்கிய மாடல்களும் உண்டு. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது. இன்றைய காயில்களிலும் 'சென்சி-டெம்ப்' என்ற பெயர் இருக்கிறது, ஏமாற வேண்டாம். அது அளவுக்கு மீறிச் சூடானால் தணிக்கும், அவ்வளவுதான். குமிழில் வைத்த டிகிரி அதற்குத் தெரியாது.

ஆகவே சுவிட்சின் உடம்பில் அச்சிட்ட பாக எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே மாடல் பழைய அடுப்பைத் தேடுங்கள். பொருத்துமுன் மெயினை அணையுங்கள். அங்கே ஓடுவது 240 வோல்ட். பிறகு தட்டையான அடியுள்ள பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, குமிழை 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிறுத்துங்கள். தண்ணீர் 212-இல்தான் கொதிக்கும். 200-லேயே தளபுளவென்று கொதித்தால் பாகம் சரியில்லை.

இத்தனை உழைத்த அடுப்பை ஒரு நூல் குழாய்க்காகக் குப்பையில் போடுவது எனக்கு மனசாகவில்லை. இத்தகைய அடுப்பைக் கழிக்கப்போகிறவர்கள் அந்தப் பொத்தானையும் சுவிட்சையும், குழாயை வெட்டாமல், மடக்காமல் சேர்த்தே கழற்றி வையுங்கள். அதைத் தேடி ஒருவர் வருவார்.